டார்ச் தேர்வுக் குழுவில் பாதிக்கப்பட்டவர்

வால்வுக்காரர் இறந்ததற்காகக் குடிநீர் வாரியம் மிகவும் வருத்தப்பட்டது. வருத்தப்பட்டதோடு நிற்காமல் ஒரு குழுவும் போட்டது.

நகரத்துச் சாலைகளுக்கு அடியில் ஆழமான குழிகள் உண்டு. மூடியைத் தூக்கி, சுவரில் பதித்த இரும்புப் படிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் வால்வைத் திருகினால்தான் வீடுகளில் குழாய் சொட்டும். வால்வுக்காரர் அந்த வேலையைத் தலைமுடி நரைக்கிற வரைக்கும் செய்தார். வாரியம் அவருக்குச் சட்டை கொடுத்தது, விசில் கொடுத்தது, அடையாள அட்டை கொடுத்தது. டார்ச் மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு கையும் படியைப் பிடிக்க வேண்டும் என்பதால், அவர் தன் செல்போனின் விளக்கைப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். ஒருநாள் மத்தியானம் அப்படி இறங்கியவர் ஏறி வரவில்லை. முதலில் நழுவியது போனா, மனிதரா என்று யாருக்கும் தெரியாது.

‘வாரியம் வழங்காத பொருளை வாயில் வைத்திருந்ததால் நேர்ந்த விபத்து’ என்று முதலில் எழுதிப் பார்த்தார்கள். பத்திரிகைகள் சத்தம் போட்டன. அதன் பிறகுதான் ‘நிலத்தடிப் பணியாளர்களுக்கான கையடக்க ஒளிவிளக்குத் தேர்வுக் குழு’ பிறந்தது. அத்தனை நீளமான பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லாரும் டார்ச் குழு என்றே சொன்னார்கள்.

வால்வுக்காரரின் மனைவிக்கு வாரியத்தின் பண்டகசாலையில் ஒரு வேலை கொடுத்தார்கள். கூடவே டார்ச் குழுவிலும் போட்டார்கள். குழு என்றால் பாதிக்கப்பட்ட தரப்பில் ஒருவர் இருக்க வேண்டுமாம். மேஜையில் அவள் முன்னால் வைத்த பலகையில் பெயர் எழுதவில்லை; ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதியிருந்தது. அலுவலகம் அதைச் சுருக்கிப் ‘பாதிப்பம்மா’ ஆக்கிவிட்டது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அவள் அழவில்லை. சாவு வீட்டில் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். தன் உடம்பையே யாரோ தனக்கு இரவல் கொடுத்துவிட்டு, எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காமலே போய்விட்டது போல இருந்தது.

கொழுந்தன்தான் அவளைக் குழுவுக்குப் போகச் சொன்னான். அவனும் வால்வு வேலைதான். அண்ணன் விழுந்த குழி இப்போது அவன் பொறுப்பில் இருந்தது.

“போங்க அண்ணி. நீங்க எதிர்ல உக்காந்திருந்தா இழுத்தடிக்க மாட்டாங்க. சீக்கிரம் குடுத்துடுவாங்க.”

“அதுவரைக்கும் நீ எப்படி இறங்குவ?”

“அண்ணன் எப்படி இறங்கினாரோ அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

முதல் கூட்டம் வாரியக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். தலைவர், வாரியத்தின் தலைமைப் பொறியாளர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அதிகாரி. இடப்பக்கம் வெளியிலிருந்து வரவழைத்த நிபுணர். வெளிச்சத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி நாற்காலியில், உப்புக்குச் சப்பாணியாக, அவள்.

மறைந்தவருக்கு ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“அம்மா, உங்க இழப்பு எங்க இழப்பு. இனிமே ஒரு தொழிலாளி கூட இருட்டுல இறங்கக் கூடாது. அதுக்கு நாம அவசரப்படக் கூடாது. கடைக்குப் போய் ஒரு டார்ச்ச வாங்கறது எந்த மனுஷனும் செய்யற காரியம். நாம மனுஷங்க இல்ல, வாரியம். வெளிச்சம், சூடு, அளவு, விலை. நாலையும் தராசுல வெச்சு நிறுத்துத்தான் முடிவு பண்ணணும்.”

அவர் சொன்னதில் ‘நாம மனுஷங்க இல்ல’ என்பதை எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

வியாபாரிகள் அனுப்பிய டார்ச்சுகள் மேஜையில் வரிசையாக நின்றன. விரல் நீளத்தில் சில, உள்ளங்கை நிறைய சில. எல்லாமே எல்.இ.டி. முதலில் வெளிச்சம். நிபுணர் ஒவ்வொன்றையும் எரியவிட்டுச் சுவரில் அடித்துக் காட்டினார். உச்சி வெயில் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?” என்றார் கணக்கு அதிகாரி.

“அதுதான் சார் நியாயமான சோதனை. ஒண்ணுக்குச் சாதகமா, ஒண்ணுக்குப் பாதகமா எதுவும் இல்ல பாருங்க” என்றார் நிபுணர்.

அவள் வாய் திறக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, அதுவாகவே திறந்தது. “குழிக்குள்ள இறங்கிப் பாத்தா தெரியுமே சார்.”

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “நல்ல யோசனைம்மா. ஆனா அங்க போதுமான வெளிச்சம் கிடையாது. அதிகாரிங்க இறங்கப் பாதுகாப்பு விதி இடம் குடுக்காது.”

அதனால் ஜன்னலுக்குத் திரை வாங்க முடிவாயிற்று. திரைக்குத் தனியாக ஒரு துணைக்குழு. அது துணியின் நிறத்தில் சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் திரை வந்தபோது வெள்ளையாக வந்தது. அறை முன்பைவிட இதமான வெளிச்சத்தோடு நன்றாக இருந்தது. டார்ச் வெளிச்சம் அப்போதும் தெரியவில்லை. இதற்கு நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்தார். உறுப்பினர்கள் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். இருட்டு தானாக வந்துவிடும். அவர் டார்ச்சைக் காட்டிக்கொண்டே போவார். மூடிய இமைக்குள் தோன்றுவதை வைத்து மதிப்பெண் போட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள். அது அவர்களுக்குப் புதிய பழக்கமாகத் தெரியவில்லை. கை தயங்காமல் போட்டது. கணக்கு அதிகாரி நடுவில் லேசாகக் குறட்டை விட்டார். விழித்ததும் எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக ஒரு எண்ணைப் போட்டார். அவளும் கண்ணை மூடினாள். மூடினால் வழக்கமாக வருகிற குழி அன்றைக்கும் வந்தது. டார்ச் எதுவும் அதற்குள் எட்டவில்லை.

அடுத்த கூட்டம் சூட்டுக்கு. மௌனம் இந்த முறை அரை நிமிடம். தலைவருக்கு வேறு கூட்டம் இருந்தது.

“சின்ன உடம்புல பெரிய வெளிச்சத்த அடைச்சா சூடு போக வழி இருக்காது” என்று நிபுணர் விளக்கினார். “கையிலயே நிக்கும். எது எவ்வளவு சுடுதுன்னு ஒரு கை வெச்சுத்தான் சொல்லணும்.”

யார் கை என்று பேச்சு வந்தது. தலைவரின் கை கையெழுத்துப் போடும் கை. ஏதாவது ஆகிவிட்டால் வாரியமே நின்றுவிடும். கணக்கு அதிகாரிக்குத் தோல் ஒவ்வாமை. நிபுணர் பார்வையாளர், அவர் விலகி நின்றுதான் கவனிக்க வேண்டும். எல்லார் பார்வையும் கடைசி நாற்காலிக்கு வந்தது.

“பாதிக்கப்பட்டவங்க கையா இருந்தா அதுக்கு ஒரு தார்மீக மதிப்பும் இருக்கு” என்றார் தலைவர்.

“சுட்டதும் ‘ஸ்’ன்னு சொல்லுங்கம்மா. அது போதும்” என்றார் நிபுணர்.

அவள் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். இருப்பதிலேயே சிறியதும் பிரகாசமானதுமான ஒன்று கடைசியில் வந்தது. பிடித்துக்கொண்டே இருந்தாள். டீ வந்து, குடித்து, கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் ‘ஸ்’ சொல்லவில்லை. “சூடு துளியும் இல்லை” என்று நிபுணர் எழுதிக்கொண்டார். அவள் டார்ச்சைக் கீழே வைத்தபோது உள்ளங்கை சிவந்து, நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது.

நிபுணர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார். “என்னம்மா இது? சுடலையா?”

“தெரியல சார்.”

“இந்தக் கை நம்பகமான கை இல்ல” என்று தலைவரிடம் வருத்தத்தோடு சொன்னார். “இத வெச்சு எடுத்த முடிவு எதுவும் செல்லாது.”

அவள் கை தகுதியிழந்தது. மருந்து போடலாமா என்று யாரோ கேட்டார்கள். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது; சாவி வைத்திருந்தவர் முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தார். இனி வம்பே வேண்டாம், கொஞ்சமும் சுடாத டார்ச்சுக்குத்தான் முழு மதிப்பெண் என்று தலைவர் ஒரே போடாகப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கொழுந்தன் கையைப் பார்த்துவிட்டான்.

“என்ன அண்ணி இது?”

“குழுவுல.”

“குழுவுல அடிக்கறாங்களா?”

“இல்ல தம்பி. சோதனை பண்ணாங்க.”

அவன் களிம்பு வாங்கி வந்து தடவினான். தடவும்போது அவன்தான் ‘ஸ்’ என்றான்.

அளவைப் பற்றிப் பேச, களத்திலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்று அவனையே கூப்பிட்டார்கள். குளித்து, தலை சீவி, வாரியம் கொடுத்த சட்டையோடு வந்து நின்றான். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

“டார்ச்ச எங்கப்பா வெச்சுப்ப?” என்றார் தலைவர்.

“கை ரெண்டும் படியில இருக்கும் சார். சட்டையில பாக்கெட் இல்ல.”

“பாக்கெட் ஏன் இல்ல?”

கணக்கு அதிகாரி சொன்னார்: “பாக்கெட் வெச்சா ஏதாவது போட்டுக்குவாங்கன்னு நாமதான் வேண்டாம்னோம்.”

“அப்ப எங்க வெச்சுப்ப?”

“வாயிலதான் சார்.”

நிபுணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப டார்ச்சோட அளவு வாயோட அளவு!”

ஸ்கேலைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொழுந்தனின் வாயை அளந்தார்கள். ‘ஆ’ என்று திறந்து ஒரு தடவை, கடிக்கிற நிலையில் ஒரு தடவை. நிபுணர் முகம் சுளித்தார். “சராசரிய விடப் பெருசா இருக்கே.”

“ஆமா சார், இவன் முன்னாடி ஒருதரம் சம்பளம் பத்திக் கேட்டான். வாய் பெருசுன்னு அப்பவே நெனச்சேன்” என்றார் கணக்கு அதிகாரி.

“தலையில கட்டற லைட்டு கடையில விக்குதே சார்” என்றான் கொழுந்தன்.

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். “அது தலை விளக்குப்பா. இது கையடக்க விளக்குக் குழு. இன்னொருத்தர் அதிகாரத்துல நாம தலையிடக் கூடாது இல்லையா?”

வெளியே போகும்போது அவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல, கூட்டத் தொடக்கத்து மௌன அஞ்சலி அன்றைக்கு எழுந்து உட்காருவதோடு முடிந்திருந்தது.

விலைக் கூட்டத்தில் கணக்கு அதிகாரி எழுந்து நின்றே பேசினார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி மனம் உருகிப் பேசியதில்லை என்றார்கள்.

“மனித உயிர் விலைமதிப்பில்லாதது. இத நான் எந்த மேடையிலயும் சொல்வேன். பிரச்சனையே அதுதான். விலை இருந்தாத்தானே நிதி ஒதுக்க முடியும்? விலையே இல்லாத ஒரு பொருளுக்கு எந்தத் தலைப்புல நான் செலவு எழுதறது? டார்ச்சுக்கு விலை இருக்கு. அதனால அத எவ்வளவு கொறைக்க முடியுமோ அவ்வளவு கொறைக்கிறதுதான் உயிருக்கு நாம செய்யற மரியாதை.”

தலைவர் மேஜையைத் தட்டினார். மதிப்பெண்களைக் கூட்டத் தொடங்கினார்கள்.

வரிசையில் ஒரு டார்ச் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. சுண்டுவிரல் நீளம், நீல நிறம், இறகு போல எடையில்லாமல் இருந்தது. சூட்டில் முழு மதிப்பெண். அளவில் முழு மதிப்பெண். விலை, மற்ற எதுவும் கிட்டவே வர முடியாத அளவுக்குக் குறைவு. வெளிச்சத்துக்கு, மற்றவற்றைப் போலவே நடுத்தரம். நிபுணர் அதை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். கைக்குக் கை மாறி அவளிடம் வந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். பின்பக்கத்தைத் திருகினாள். உள்ளே பல்பும் இல்லை, பேட்டரிக்கு இடமும் இல்லை. என்னென்ன நிறத்தில் கிடைக்கும் என்று காட்டுவதற்காக வியாபாரி அனுப்பிய வெறும் கூடு அது.

“இது எரியாது சார்.”

தலைவர் அதை வாங்கிப் பார்த்தார், காதருகே ஆட்டினார், நிபுணரிடம் கொடுத்தார்.

“நாலுல மூணுல முதலிடம்” என்று நிபுணர் நிதானமாக ஆரம்பித்தார். “எந்தப் பரீட்சையில சார் ஒரு பாடத்துல மார்க் கொறைஞ்சதுக்காக முதல் மாணவன வெளிய அனுப்பறாங்க? தவிர, வெளிச்சத்துலயும் இது ஃபெயில் ஆகல. நாமதான் மார்க் போட்டிருக்கோம்.”

“பேட்டரி செலவு இல்ல” என்றார் கணக்கு அதிகாரி. “பழுதாகவும் வழியில்ல. நிரந்தரச் சொத்து.”

“திருட்டும் போகாது” என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் சாய்ந்தார். “அம்மா, நீங்க ஒத்துக்கலைன்னா தப்பில்ல. ஆனா முடிவு ஒருமனதா இருக்கணும். இல்லைன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். திரையிலேருந்து. அதுவரைக்கும் உங்க கொழுந்தன் இருட்டுலதானே இறங்கணும்? பாவம் இல்லையா?”

பேனாவை அவள் கையில் வைத்தார்கள். எதிரே வெள்ளைத் திரை காற்றில் உப்பி அடங்கியது. எரியாத டார்ச்சும் இருட்டும் ஒன்றுதானே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் எங்கேயோ தூரத்தில் இருந்தாள்; கூப்பிட்டால் வர நேரமாகும். கை போட்டுவிட்டது.

வழங்கும் விழா வாரியத்தின் முன்முற்றத்தில் வெயிலில் நடந்தது. அதற்கு ‘நினைவு டார்ச்’ என்று பெயர் வைத்து, கூட்டின் மேல் இறந்தவரின் பெயரைப் பொறித்திருந்தார்கள். முதல் டார்ச்சை வாங்கிக்கொள்ளக் கொழுந்தனைக் கூப்பிட்டார்கள். “இனி இருட்டு என்பதே கிடையாது!” என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். கொழுந்தன் புகைப்படத்துக்காக அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் அமுக்கிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான்.

“அண்ணி, இது எரியல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கையெழுத்துப் போட்டேன்.”

அவன் திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் பெயரைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவிவிட்டு, டார்ச்சை அலமாரியில் வைத்தான். மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்து, போனை எடுத்துச் சட்டையில் துடைத்து, பல்லில் கடித்துப் பார்த்தான். வாய் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது போல. அவள் அதைப் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவதென்று முடிவு செய்து, மின்சாதனக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

“எந்த மாதிரி வேணும்? இது வெளிச்சம் ஜாஸ்தி, கொஞ்சம் சுடும். இது கைக்கு அடக்கம். இது விலை...”

“எரியணும்.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கட்டிய ஒன்றை எடுத்து, எரியவிட்டுக் காட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். நேரே குழிக்குப் போய்க் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டுத்தான் அலுவலகம் வந்தாள்.

சேதி வாரியத்துக்கு எட்ட அதிக நாள் ஆகவில்லை. ஆய்வுக்குப் போன ஒருவர், குழிக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதைக் கண்டு பதறிப்போய் எழுதியிருந்தார். டார்ச் குழு அவசரமாகக் கூடியது.

“நாம குடுத்த டார்ச்சுலேருந்து வெளிச்சம் வர வாய்ப்பே இல்ல” என்றார் தலைவர். “அதுக்கு நானே உத்தரவாதம். அப்படின்னா இது வெளி வெளிச்சம். அனுமதியில்லாத வெளிச்சம். யாரோ நம்ம பணியாளரத் தூண்டிவிட்டிருக்காங்க.”

“நான்தான் சார் வாங்கிக் குடுத்தேன்” என்றாள் அவள்.

குரல் அவளுக்கே அந்நியமாக, கொஞ்சம் சத்தமாக வந்தது. கணக்கு அதிகாரி பேனாவை மூடினார்.

“பாதிக்கப்பட்டவங்கன்னா பாதிக்கப்பட்டவங்களாவே இருக்கணும்மா” என்றார் தலைவர், உண்மையாகவே மனம் புண்பட்டு. “நீங்களே எல்லாத்தையும் பண்ணிக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?”

அவள் இனிப் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பலகையை எடுத்துவிட்டார்கள். தண்டனையாகப் பண்டகசாலையிலிருந்து மாற்றி, வெயிலில் குழிகளின் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும் களப்பணிக்குப் போட்டார்கள்.

முதல் நாளே கணவர் விழுந்த அந்தக் குழிக்குத்தான் அனுப்பினார்கள். கொழுந்தன் மூடியைத் தூக்கினான். அவள் இதுவரை அதன் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் வந்த குழி இதைவிட ஆழமாக இருந்தது.

“நீங்க மேலேருந்து காட்டுங்க அண்ணி. எனக்கு ரெண்டு கையும் நிம்மதியா இருக்கும்” என்று சொல்லிக் கயிறோடு டார்ச்சைக் கழற்றிக் கொடுத்தான்.

அவன் இறங்கினான். அவள் மண்டியிட்டு, விளிம்பில் சாய்ந்து, வெளிச்சத்தை அவன் கால்களுக்குக் கீழே அடித்தாள். ஈரச் சுவர், இரும்புப் படி, அதற்கு அடுத்த படி. அதற்கும் கீழே, ஒரு படி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துருப்பிடித்த முனைகள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“தம்பி, நில்லு. கீழ படி இல்ல.”

அவன் காலை மேலே இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். “ஆமா அண்ணி. காலத் தொங்கவிட்டு இறங்கிப் பழகிட்டேன். இந்த எடத்துல படியத் தள்ளி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“அன்னிக்கும் இல்லையா?”

“இருந்திருக்காது. எவ்வளவு துரு பாருங்க. யாரு பாத்தா?”

தெருவில் வண்டிகள் குழியைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் அந்த இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆபீஸ்ல சொல்லணும்” என்றாள்.

கொழுந்தன் படியைக் கட்டிக்கொண்டு, பயந்துபோன முகத்தை மேலே தூக்கினான்.

“ஐயோ, சொல்லிடாதீங்க அண்ணி. குழு போட்டுடுவாங்க. வெல்டிங்காரர் எனக்குத் தெரிஞ்சவர்தான், நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு குழிக்குள் இறங்கி, அடியில் தேங்கிய தண்ணீரில் பட்டு, வேறு யாருடைய குரலோ போலத் திரும்பி வந்தது. வந்தபோது அது சிரிப்பாக இல்லை. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கொழுந்தன் ஏறி வரவில்லை. படியைப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு, அது தீரும்வரை அங்கேயே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“அண்ணி, வெளிச்சம் ஆடுது.”

அவள் இன்னொரு கையையும் கொடுத்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.